ஏர்பேக் ஒருமுறை விரிந்த கார்: பில்லில் இருப்பதெல்லாம் காருக்குள் இருக்கிறதா?

காரில் இக்னிஷனை ஆன் செய்ததும் மீட்டரில் ஒரு விளக்கு எரியும். உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள், அவர் முன்னால் ஒரு பலூன். சில விநாடிகளில் அது அணைந்துவிடும். அணைந்தால் ஏர்பேக் சிஸ்டம் நலம் என்று அர்த்தம். புது காருக்கு இது சரி. ஆனால் ஒருமுறை மோதி, ஏர்பேக் விரிந்து, பட்டறைக்குப் போய்த் திரும்பிய காரில் அந்த விளக்கு அணைவதை மட்டும் வைத்து எதையும் நம்ப முடியாது. கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் ரெசிஸ்டர் ஒன்றை வைத்தே அதை அணைத்துவிடலாம்.

இது இப்போது ஏன் பேச வேண்டிய விஷயம்? இந்தியாவில் ஏர்பேக் என்பது ரொம்ப நாள் பணக்கார வேரியன்ட்டின் அடையாளமாகத்தான் இருந்தது. டிரைவர் பக்க ஏர்பேக் எல்லா புது கார்களிலும் கட்டாயமானது 2019 ஜூலை 1 முதல். முன்சீட்டில் பக்கத்தில் உட்காருபவருக்கான ஏர்பேக், புது மாடல்களுக்கு 2021 ஏப்ரலிலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு அந்த வருடக் கடைசியிலும் வந்தது. ஆறு ஏர்பேக் கட்டாயம் என்று 2022 ஜனவரியில் வரைவு வெளியிட்ட அரசு, ஒரு வருடம் தள்ளிப்போட்டு, 2023-ல் அதைக் கைவிட்டது. ஆனால் பாரத் என்கேப் நட்சத்திரங்களுக்கான போட்டியில் பல நிறுவனங்கள் தாங்களாகவே ஆறு ஏர்பேக்குக்குப் போய்விட்டன.

ஆக, கட்டாய ஏர்பேக்கோடு பிறந்த முதல் தலைமுறைக் கார்களுக்கு இப்போது ஐந்து வயது தாண்டிவிட்டது. அவை கைமாறும் வயது இது. வேலைக்குச் சேர்ந்து ஓரிரு வருடத்தில் முதல் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கப் பார்க்கும் உங்களிடம்தான் அவை வந்து சேரப்போகின்றன.

மோதலின்போது உள்ளே நடப்பது

ஏர்பேக் என்பது தனியாக ஒரு பை இல்லை, ஒரு சங்கிலி. பம்பருக்குப் பின்னாலும் கதவுப் பக்கத்திலும் சென்சார்கள். பெரும்பாலும் கியர் லீவருக்கு அருகே, தரையோடு போல்ட் போடப்பட்ட கன்ட்ரோல் மாட்யூல். அங்கிருந்து மஞ்சள் நிற கனெக்டர்களோடு ஒவ்வொரு ஏர்பேக்குக்கும் ஒயர். ஸ்டீயரிங் சுற்றும்போது அந்த ஒயர் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க, உள்ளே ரிப்பன் போல ஒரு கேபிள் சுருள். மோதல் பலமானது என்று மாட்யூல் முடிவு செய்தால் மின்சாரம் போகும், இன்ஃபிளேட்டரில் உள்ள ரசாயனம் பற்றும், சுமார் 30 மில்லி விநாடியில் பை நிறைந்துவிடும். கண் இமைக்கும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

அதே கட்டளை சீட் பெல்ட்டுக்கும் போகிறது. பலருக்கும் தெரியாத பகுதி இதுதான். பெல்ட் சுருளும் இடத்திலோ, பக்கிள் பக்கத்திலோ ப்ரீடென்ஷனர் என்று ஒன்று இருக்கும். அதிலும் ஒரு சின்ன வெடிமருந்து. மோதிய கணத்தில் அது வெடித்து, உங்கள் தோளுக்கும் பெல்ட்டுக்கும் இடையே இருக்கும் தொளதொளப்பை இழுத்து இறுக்கும். அடுத்த கணம் லோட் லிமிட்டர் வேலைக்கு வரும். அது ஒரு உலோகத் தண்டு. உங்கள் உடல் முன்னே பாயும்போது அது முறுக்கிக்கொண்டு, பெல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும். இல்லாவிட்டால் காப்பாற்ற வந்த பெல்ட்டே விலா எலும்பை உடைத்துவிடும்.

ப்ரீடென்ஷனர், லோட் லிமிட்டர், ஏர்பேக் மூன்றுமே ஒருமுறை மட்டும் வேலை செய்யும் சரக்கு. தீக்குச்சி மாதிரி. எரிந்ததை மறுபடி உரச முடியாது.

இன்னொன்று. பல கார்களில் ஏர்பேக் விரிய வேண்டிய அளவுக்கு மோதல் பலமாக இல்லாவிட்டாலும் ப்ரீடென்ஷனர் மட்டும் வெடித்துவிடும். "ஏர்பேக்கே ஓப்பன் ஆகல சார், சின்ன இடிதான்" என்று யாராவது சொன்னால், பெல்ட்டைப் பற்றி அந்த வாக்கியம் ஒன்றும் சொல்லவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். வெடித்த பிறகு சில பெல்ட்டுகள் அப்படியே பூட்டிக்கொள்ளும், வெளியே வராது. சில வழக்கம்போல இழுபடும், சுருளும், 'டக்' என்று மாட்டிக்கொள்ளும். பூட்டிக்கொண்ட பெல்ட்டை எப்படியும் மாற்றித்தான் ஆக வேண்டும். வழக்கம்போல இழுபடும் பெல்ட்தான் கவலை தருவது.

எதையெல்லாம் மாற்ற வேண்டும்?

விரிந்த ஏர்பேக்குகளை மாற்ற வேண்டும் என்பது யாருக்கும் தெரியும். பக்கத்து சீட் காலியாக இருந்தாலும் சில கார்களில் அந்தப் பக்க ஏர்பேக்கும் விரியும், அதற்கும் பில் வரும்.

பை விரியும்போது டேஷ்போர்டு கிழியும், அதையும் மாற்ற வேண்டும். இங்கேதான் முதல் குறுக்குவழி தொடங்குகிறது. டேஷ்போர்டில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய கோடு இருக்கும். அங்கேதான் கிழிய வேண்டும் என்று வடிவமைத்திருப்பார்கள். பட்டறையில் அதை ஒட்டி, பட்டி போட்டு, மேலே லெதர் சுற்றி அழகாகக் கொடுத்தால், அடுத்தமுறை அது திறக்குமா, எந்தத் திசையில் திறக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. உள்ளே புது ஏர்பேக்கே இருந்தாலும் இதே கதைதான்.

முன்கண்ணாடிக்கும் இதில் பங்கு உண்டு. பல கார்களில் பயணி பக்க ஏர்பேக் மேலெழும்பி, கண்ணாடியில் சாய்ந்து, பிறகே உங்களை நோக்கி வரும். ஒட்டுப்பசை சரியில்லாத கண்ணாடி அந்த அழுத்தத்தில் வெளியே போய்விடலாம், சாய மதில் இல்லாத ஏர்பேக் வேறெங்கோ போகும்.

கன்ட்ரோல் மாட்யூலுக்கு வருவோம். மோதல் நடந்ததும் அந்தத் தகவலை அது தனக்குள் எழுதிப் பூட்டிக்கொள்ளும். பெரும்பாலான நிறுவனங்கள் அதை மாற்றச் சொல்கின்றன. சந்தையில் 'க்ராஷ் டேட்டா ரீசெட்' என்று அந்தப் பதிவை அழித்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பதிவை அழிக்கலாம். வாங்கிய அதிர்ச்சியை அழிக்க முடியாது. மாற்றுவதா, வைத்துக்கொள்வதா என்பதை அந்த மாடலின் ரிப்பேர் மேனுவல் முடிவு செய்ய வேண்டும், பட்டறைக்காரரின் அனுபவம் அல்ல. அடிபட்ட சென்சார், ஸ்டீயரிங்குக்குள் இருக்கும் கேபிள் சுருள் ஆகியவற்றுக்கும் இதே விதி.

பெல்ட்டில் ப்ரீடென்ஷனர் வெடித்திருந்தால் முழு பெல்ட் தொகுப்பும் மாற வேண்டும், பக்கிள் உட்பட. வெடிக்காவிட்டாலும், பலமான மோதலின்போது யாராவது அதை அணிந்திருந்தால் மாற்றுவதே முறை. பின்சீட் பெல்ட்டுகளும் இதில் அடக்கம். ஆனால் எஸ்டிமேட்டில் பின்சீட் பெல்ட் எப்போதாவதுதான் எட்டிப்பார்க்கும்.

இந்த வேலையை நீங்களே செய்யலாமா? வேண்டாம். பேட்டரியைக் கழற்றிய பிறகும் மாட்யூலின் கெபாசிட்டரில் மின்சாரம் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். மேனுவல் சொல்லும் நேரம்வரை காத்திருந்தே கனெக்டரில் கை வைக்க வேண்டும். மல்டிமீட்டரை ஏர்பேக்கில் நேராக வைத்துப் பார்ப்பதே அதை வெடிக்கவைக்கப் போதும். யூடியூப் பார்த்து ஹெட்லைட் மாற்றுங்கள், தப்பில்லை. இது வேறு.

கண்ணாடிக்கு பூஜ்யம், ஏர்பேக்குக்கு ஐம்பது

சரி, முறைப்படி மாற்றாமல் ஏன் ஏமாற்றுகிறார்கள்? எல்லாவற்றையும் பட்டறைக்காரரின் பேராசை என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் காப்பீட்டுக் கணக்கைப் பார்த்தால் வேறொன்றும் தெரிகிறது.

உங்களிடம் இருப்பது மூன்றாம் நபர் காப்பீடு மட்டும்தான் என்றால், உங்கள் காரின் சேதத்துக்கு ஒரு ரூபாய்கூட வராது. முழுக் காப்பீடு இருந்தாலும், பாகங்களுக்குத் தேய்மானம் கழிப்பார்கள். உலோக பாகத்துக்கு காரின் வயதைப் பொறுத்து: முதல் ஆறு மாதத்துக்கு பூஜ்யம், பிறகு 5%, 10% என்று மெல்ல ஏறி, பத்து வயதுக்கு மேல் 50%. கண்ணாடிக்கு எப்போதும் பூஜ்யம். ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்கள், டயர், டியூப், பேட்டரி, ஏர்பேக்: இவற்றுக்கு முதல் நாளிலிருந்தே 50%.

மறுபடி படியுங்கள். ஏர்பேக் உட்கார்ந்திருப்பது டயரும் பேட்டரியும் இருக்கும் வரிசையில். டயர் ஓட ஓடத் தேயும், பேட்டரி நாளாக நாளாக இறங்கும். ஏர்பேக் என்ன செய்கிறது? விபத்து நடக்கும்வரை சும்மா இருக்கிறது. இந்த அட்டவணை 2002 ஜூலையில் அமலுக்கு வந்த இந்திய மோட்டார் டாரிஃபின் வாரிசு. அன்று ஏர்பேக் இருந்த கார்களை விரல் விட்டு எண்ணலாம். இன்று அது சட்டப்படி கட்டாயமான பாகம். அரசே கட்டாயம் என்று சொல்லும் ஒரு பாகத்தின் பாதி விலையை, விபத்தில் சிக்கியவர் தலையில் கட்டும் விதி இன்னும் ஏன் இருக்கிறது என்பதற்கு எனக்கு நியாயமான காரணம் எதுவும் தெரியவில்லை. கண்ணாடியின் வரிசைக்கு ஏர்பேக்கை மாற்றினாலே ஏமாற்றுவதற்கான தூண்டுதல் பெருமளவு குறையும்.

ஜீரோ டெப் எனும் கூடுதல் கவர் எடுத்திருந்தால் இந்தக் கழிவு இல்லை. ஆனால் அது பெரும்பாலும் புது கார்களுக்கான சலுகை. பல நிறுவனங்கள் ஐந்து வயதோடு நிறுத்திக்கொள்கின்றன. ஏர்பேக் விலை அந்த வயதில் நின்றுவிடுவதில்லை.

ஜீரோ டெப் இருந்தாலும் இன்னொரு சுவர் உண்டு. பழுதுபார்க்கும் செலவு, காரின் காப்பீட்டு மதிப்பான ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது 'டோட்டல் லாஸ்'. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம், எண்கள் புரிதலுக்காக நான் வைத்துக்கொண்டவை. 8 லட்சம் ரூபாய் விலையுள்ள கார், நாலரை வயது. இந்த வயதுக்கு ஐடிவி பாதியாகக் குறைந்து 4 லட்சம். 75% என்றால் 3 லட்சம். முன்பக்க டிங்கரிங், பெயின்டிங், ரேடியேட்டர், லைட் எல்லாம் சேர்த்து 2,20,000. இரண்டு ஏர்பேக், மாட்யூல், இரண்டு பெல்ட், டேஷ்போர்டு சேர்த்து 90,000. மொத்தம் 3,10,000. கார் கதை முடிந்தது.

அந்த 90,000-ஐ 40,000 ஆக்கினால்? 2,60,000. கார் பிழைத்துக்கொள்ளும். பட்டறைக்கு வேலை கிடைக்கும், கார் லோன் பாக்கி இருக்கும் உரிமையாளருக்கு கார் கிடைக்கும், காப்பீட்டு நிறுவனத்துக்கு செலவு குறையும். மூன்று பேருக்கும் லாபம். நஷ்டப்படப்போவது இந்தக் காரை அடுத்து ஓட்டப்போகிறவர், அவர் இந்தப் பேச்சிலேயே இல்லை.

ஐடிவி வருடா வருடம் இறங்கும், ஏர்பேக் விலை இறங்காது. ஏர்பேக் எண்ணிக்கையோ இரண்டிலிருந்து ஆறாக ஏறிக்கொண்டிருக்கிறது. எனவே இந்த இடைவெளி இனி அகலத்தான் செய்யும்.

குறுக்குவழிகளின் வரிசை

மாட்யூல் ஒவ்வொரு ஏர்பேக்கும் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்கிறது? அந்த ஒயரின் மின்தடையை அளந்து பார்க்கும். சாதாரணமாக இரண்டு மூன்று ஓம். ஏர்பேக்கே இல்லாமல் அதே அளவு ரெசிஸ்டரை மாட்டினால், எல்லாம் சரியாக இருக்கிறது என்று மாட்யூல் நம்பிவிடும். விளக்கு அணைந்துவிடும். மேலே ஒரு புது மூடி. அதையும்விட மலிவான வழி, விளக்கையே செயலிழக்க வைப்பது.

அடுத்தது, வேறொரு காரிலிருந்து கழற்றிய ஏர்பேக். டெல்லி மாயாபுரி, சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்களுக்குக் கழற்றிய பாகங்கள் போவது எல்லோருக்கும் தெரியும். கதவுக்கும் பம்பருக்கும் அது நல்ல வழியே. ஏர்பேக் விஷயத்தில், அது வெள்ளத்தில் மூழ்கிய காரிலிருந்து வந்ததா, ரீகால் பட்டியலில் இருந்ததா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

மூன்றாவது, போலி. 2024-ல் டெல்லி போலீஸ் மத்திய டெல்லியில் ஒரு இடத்தைச் சோதனையிட்டு 900-க்கும் அதிகமான போலி ஏர்பேக்குகளைப் பிடித்தது. மூன்று பேர் கைதானார்கள். சுமார் 16 கார் நிறுவனங்களின் பெயர்கள் அந்தச் சரக்கில் இருந்தன.

போலி ஏர்பேக் விரியாமல் போனால் அதுவே பரவாயில்லை என்று சொல்லும் நிலையும் உண்டு. 2024 ஜூலையில் அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்ஹெச்டிஎஸ்ஏ ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. முந்தைய ஒன்பது மாதங்களில் ஐந்து சம்பவங்கள், மூன்று மரணங்கள், இரண்டு பேருக்கு வாழ்க்கையையே மாற்றிய காயங்கள். எல்லாமே முன்பு ஒருமுறை விபத்தில் சிக்கி, மலிவான வெளிநாட்டு இன்ஃபிளேட்டர் பொருத்தப்பட்ட கார்கள். இரண்டாவது மோதலில் அந்த இன்ஃபிளேட்டர்கள் வெடித்துச் சிதறி, உலோகத் துண்டுகளை ஓட்டுநரின் கழுத்திலும் முகத்திலும் பாய்ச்சின.

எண்ணப்படாத எண்

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். சீட் பெல்ட் அணியாமல் இறந்தவர்கள் 16,715: ஓட்டுநர்கள் 8,384, பயணிகள் 8,331. இந்த எண் ஒவ்வொரு வருடமும் செய்தியாகும், அபராதம் பற்றிப் பேச்சு வரும். பெல்ட் அணிந்திருந்தும் அது ஏற்கெனவே வெடித்து முடிந்த பெல்ட்டாக இருந்தால், அந்த மரணம் எந்தக் கட்டத்தில் வரும்? 'அணிந்திருந்தார்' என்ற கட்டத்தில்தான். தரவோடு வேலை செய்பவளாக எனக்கு உறுத்துவது இதுதான்: விடையை மட்டுமல்ல, கேள்வியையே படிவத்தில் காணோம்.

பரிசோதனையும் இல்லை. தனியார் காரின் ஆர்.சி. 15 வருடம் செல்லும். அதுவரை அரசு சார்பில் யாரும் அந்தக் காரை நிறுத்தி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. பிரிட்டனில் மூன்று வயதான காருக்கு வருடா வருடம் சோதனை, ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் ஃபெயில். இங்கே ஆர்.சி.யில் லோன் இருப்பதற்கு ஒரு வரி உண்டு, விபத்துக்கு ஒரு வரி கிடையாது.

அரசு நினைத்தால் முடியும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. சீட் பெல்ட் அலாரத்தை ஏமாற்றும் கிளிப்புகளை விற்றதற்காக 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய விற்பனைத் தளங்களுக்கு உத்தரவிட்டது. 13,118 விற்பனைப் பதிவுகள் நீக்கப்பட்டன. கிளிப்புக்கு எடுத்த நடவடிக்கையை ரெசிஸ்டருக்கும் ரீசெட் கருவிக்கும் நீட்டிப்பதில் பெரிய தடை இருப்பதாகத் தெரியவில்லை.

உங்கள் கார் மோதியிருந்தால்

எஸ்டிமேட் வாங்கும்போதே, விரிந்த ஏர்பேக்குகள், மாட்யூல், சென்சார், பெல்ட், பக்கிள் என ஒவ்வொன்றும் தனி வரியாக, பார்ட் நம்பரோடு இருக்கிறதா என்று பாருங்கள். 'ஏர்பேக் வேலை' என்று ஒரே வரியில் ஒரு தொகை இருந்தால் ஏற்காதீர்கள். சர்வேயர் வரும்போது நீங்களும் அங்கே இருங்கள், ஒவ்வொரு பெல்ட்டையும் இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். பின்சீட்டில் யார் இருந்தார்கள், பெல்ட் போட்டிருந்தார்களா என்று நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும். பெல்ட்டைப் பட்டியலில் சேர்ப்பது அந்த இடத்திலேயே முடியும், பில் போட்ட பிறகு முடியாது.

வேலைக்கு முன்னும் பின்னும் ஸ்கேன் ரிப்போர்ட் கேளுங்கள். புது பாகம் வந்த பெட்டியின் லேபிளை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பழைய பாகங்களைக் கண்ணால் பாருங்கள். இதெல்லாம் சந்தேகப்படுவது போலத் தோணும், பரவாயில்லை. ஒழுங்கான சர்வீஸ் சென்டருக்கு இதைக் கேட்பவர்கள் புதிதில்லை.

இந்தக் காகிதங்களுக்கு இன்னொரு பயனும் உண்டு. 2017-ல் நடந்த ஒரு விபத்தில் க்ரெட்டா காரின் ஏர்பேக்குகள் விரியவில்லை என்ற வழக்கில், 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் வாடிக்கையாளர் பக்கம் நின்றது. வேகம், விசை பற்றிய இயற்பியல் கணக்கை வாடிக்கையாளர் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். ஆனால் உங்கள் காரில் யாரோ ஒருவர் எங்கிருந்தோ கொண்டுவந்த ஏர்பேக் இருந்தால், 'அது எங்கள் பாகமே இல்லை' என்று நிறுவனம் எளிதாக ஒதுங்கிக்கொள்ளும். முறையான பில் அந்தக் கதவை மூடும்.

பழைய கார் வாங்கப் போகிறீர்களா?

இக்னிஷனை ஆன் செய்து அந்த விளக்கைக் கவனியுங்கள். அணைகிறதா என்பதற்கு முன், எரிகிறதா என்று பாருங்கள். எரியவே இல்லை என்றால் யாரோ அதில் கை வைத்திருக்கிறார்கள். ஏபிஎஸ் விளக்கோடு மிகச் சரியாகச் சேர்ந்து எரிந்து, சேர்ந்தே அணைந்தால் அதுவும் கேட்கவேண்டிய கேள்வி. சிலர் ஒன்றின் ஒயரை இன்னொன்றோடு இணைத்துவிடுவார்கள்.

பிறகு நாலு பெல்ட்டையும் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். அடியில் தயாரிப்புத் தேதியோடு ஒரு லேபிள் தைக்கப்பட்டிருக்கும். கார் 2020, டிரைவர் பெல்ட் 2023 என்றால் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது. அது கெட்ட செய்தி என்று அவசியமில்லை, ஒழுங்காக மாற்றியதன் அடையாளமாகவும் இருக்கலாம். ஆனால் டேஷ்போர்டு புதிதாகப் பளபளக்க, பெல்ட் எல்லாம் 2020 என்றால் கவலைப்படுங்கள். நாடாவில் அலை அலையான நெளிவு, தோள் பக்கத்து வளையத்தின் பிளாஸ்டிக்கில் உருகியது போன்ற தேய்ப்பு, கையால் வெடுக்கென்று இழுத்தால் பூட்டாத பெல்ட், ஒன்றைவிட இன்னொன்று தாழ்ந்து நிற்கும் பக்கிள்: இவை பாரம் தாங்கிய பெல்ட்டின் தடயங்கள். ஸ்டீயரிங் மூடியின் நிறமும் சொரசொரப்பும் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கோடு ஒத்துப்போகிறதா, டேஷ்போர்டுக்கு உறை போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

காகிதத்தில் ஒரு தடயம் உண்டு. கடந்த இரண்டு மூன்று வருட காப்பீட்டு பாலிசிகளை வாங்கி நோ க்ளெய்ம் போனஸ் வரியைப் பாருங்கள். 20, 25, 35, 45, 50 என்று சதவீதம் படிப்படியாக ஏறியிருக்க வேண்டும். 35-லிருந்து திடீரென பூஜ்யத்துக்கு விழுந்திருந்தால், அதற்கு முந்தைய வருடம் க்ளெய்ம் போயிருக்கிறது அல்லது கார் கைமாறியிருக்கிறது. கைமாறவில்லை என்றால் விற்பவரிடம் அந்த க்ளெய்மின் பில்லைக் கேளுங்கள். போனஸைக் காக்கும் தனி கவர் எடுத்தவர்களுக்கு இந்த எண் விழாது என்பதையும் மனதில் வையுங்கள். பில் கிடைத்தால், அதில் உள்ள ஏர்பேக் வரியை அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் ஒரு ஸ்கேனோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்கேனில் ரெசிஸ்டர் மாட்டியது தெரியாமல் போகலாம், அதனால் டேஷ்போர்டைத் திறந்து பாகத்தின் எண்ணைப் பார்ப்பதற்கான கூலியையும் சேர்த்தே கொடுங்கள். விற்பவர் அதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் வேறு கார் பாருங்கள்.

வேலையே செய்யாமல் பில் போட்டது தெரியவந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்க இரண்டு வருட அவகாசம் உண்டு.